நாலு பேர் முன்னால்

பிறர் பார்வையில் படும் நேரத்தில், தன்னைக் குறைவாக எடைபோடுவார்கள், கேலி செய்வார்கள் என்று எழும் கடும் பயமே சமூகப் பதற்றம். கூச்சம் எல்லாருக்கும் உண்டு. புது இடத்தில் சற்றுத் தயங்கிவிட்டுப் பிறகு கலகலப்பாகப் பேசுகிறவருக்கு வைத்தியம் தேவையில்லை. அந்தப் பயம் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, படிப்பையும் வேலையையும் உறவையும் சுருக்கத் தொடங்கும்போது மருத்துவர்கள் அதைச் சமூகப் பதற்றக் கோளாறு என்கிறார்கள். லண்டனில் பணியாற்றிய ஐசக் மார்க்ஸ், மைக்கேல் கெல்டர் என்ற இரு மருத்துவர்கள் 1966-இல் மற்ற அச்சங்களிலிருந்து இதைத் தனியே பிரித்துக் காட்டினர். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேட்டில் இது இடம்பெற்றது 1980-இல்தான்.

மதுரையிலும் சுற்றியுள்ள மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கமும் உறவுமுறை நிலைப்பதே விசேஷ வீடுகளில்தான். காதுகுத்தோ கல்யாணமோ, போகாமல் இருந்தால் கேள்வி வரும். போனால் மொய் எழுதும் மேஜை முன் வரிசையில் நின்று பெயரையும் ஊரையும் சத்தமாகச் சொல்ல வேண்டும். பந்தியில் எதிர்வரிசை பார்த்திருக்கச் சாப்பிட வேண்டும். பதற்றம் உள்ளவருக்கு அந்த அரை நிமிடம் பத்திரிகை வந்த அன்றே தொடங்கிவிடுகிறது. குரல் நடுங்குமோ, கை உதறுமோ என்று பல நாள் மனத்துக்குள் ஒத்திகை ஓடும். மண்டபத்தில் நுழைந்ததும் நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும், நாக்கு உலரும். வீடு திரும்பிய பின்னும் விடாது. சொன்ன ஒரு வார்த்தையை, யாரோ சிரித்த சிரிப்பை, இரவெல்லாம் புரட்டிப் பார்க்க வைக்கும்.

இது ஏன் அனுபவத்தால் தானாகக் குறைவதில்லை என்பதை டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற உளவியலாளர்கள் 1995-இல் விளக்கினர். பதற்றம் வந்ததும் கவனம் எதிரே இருப்பவரை விட்டுத் தன் உடம்பின் மேல் திரும்பிவிடுகிறது. உள்ளே உணரும் படபடப்பு வெளியிலும் அப்படியே தெரிவதாகப் பதற்றம் உள்ளவர் நம்புகிறார். அதை மறைக்கச் சில தந்திரங்களைக் கையாள்கிறார்: டம்ளரை இறுக்கிப் பிடிப்பது, பேச வேண்டியதை மனப்பாடம் செய்வது, கண்ணைப் பார்க்காமல் கைபேசியைப் பார்ப்பது. இறுக்கிப் பிடித்த கை கூடுதலாக நடுங்கும். மனப்பாடம் செய்த பேச்சு திக்கும். கண்ணைத் தவிர்ப்பவரைப் பார்த்து ஊர், ‘தலைக்கனம் பிடித்தவன்’ என்கிறது. தப்பித்துக்கொள்ளச் செய்ததே பயந்ததைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. ஒன்றும் நேராவிட்டாலோ, தந்திரம்தான் காப்பாற்றியது என்ற நம்பிக்கை வளர்கிறது.

பெரும்பாலும் இது பதின்பருவத் தொடக்கத்தில் தலைகாட்டும். பிறவியிலேயே கூச்ச சுபாவம், குடும்பத்தில் இதே பயம் உள்ளவர்கள், பள்ளியில் பட்ட கேலி என்று காரணங்கள் கலந்தே இருக்கும். கிராமத்துப் பள்ளியிலிருந்து மதுரைக் கல்லூரிக்கு வரும் முதல் தலைமுறை மாணவருக்கு ஆங்கிலத்தில் செமினார் எடுப்பது இன்னொரு சுமை. அவர் அன்றைக்கு லீவு போடுவார், வளாக நேர்காணலுக்குப் பெயர் கொடுக்க மாட்டார். பெண்பிள்ளை என்றால் நிலைமை இன்னும் மோசம். அவள் வாய் திறக்காததை அடக்கம் என்று வீடு மெச்சிக்கொள்ளும். பெண் பார்க்க வருகிறவர்கள் முன் காபித் தட்டோடு நிற்கும்போது அவள் படும் பாட்டை வெட்கம் என்று ரசிக்கும். யாருக்கும் தொந்தரவு தராத நோய் என்பதால்தான் இதை யாரும் கவனிப்பதில்லை. எழுதாத விண்ணப்பமும் கேட்காத சந்தேகமும் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. ஆண்டுகள் போகப்போகத் தனிமை மனச்சோர்வாக மாறலாம். கூட்டத்துக்குப் போகுமுன் தைரியத்துக்கு என்று ஆரம்பித்த குடி சிலரிடம் தங்கிவிடுகிறது.

இந்த அவஸ்தையை ஒளிக்காமல் எழுதிவைத்தவர் காந்தி. அவருக்கு இந்தக் கோளாறு இருந்தது என்று இன்று யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் ‘சத்திய சோதனை’ காட்டும் பயம் இந்த வகையைச் சேர்ந்ததே. பள்ளி விட்டதும் யாராவது கேலி செய்வார்களோ என்று வீட்டுக்கு ஓடிய சிறுவன் அவர். லண்டன் சைவ உணவுச் சங்கத்தில் எழுதிச் சென்ற உரையை அவரால் வாசிக்க முடியவில்லை, வேறொருவர் வாசித்தார். 1891-இல் கொடுத்த பிரிவு விருந்தில் முதல் வாக்கியத்துக்கு மேல் பேச்சு வரவில்லை. பம்பாய் நீதிமன்றத்தில் முதல் வழக்குக்கு எழுந்தபோது தலை சுற்றி, ஒரு கேள்வியும் கேட்காமல் உட்கார்ந்துவிட்டார். தென்னாப்பிரிக்காவில் இந்தியர்களின் குறைகளைப் பேசவேண்டி வந்தபோதுதான் இது தணிந்தது. முழுக்க நீங்கவில்லை என்றும் அவரே ஒப்புக்கொள்கிறார். அதே மனிதர் 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் மேலாடையைத் துறந்து, அரையாடையோடு ஊர் முன் வந்து நின்றார்.

இன்று இந்தக் கோளாறுக்கான சிகிச்சையில் முதலிடம் அறிவாற்றல் நடத்தை சிகிச்சைக்கு. இதில் பயப்படும் காரியங்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றாகச் செய்து பார்க்கிறார்கள். டவுன் பஸ்ஸில் நடத்துநரிடம் நிறுத்தம் கேட்பது, கடையில் விலை விசாரித்துவிட்டு வாங்காமல் வருவது, பிறகு விசேஷத்தில் ஒரு சித்தப்பாவிடம் தானே போய்ப் பேசுவது என்று அது நகரும். தந்திரங்களைக் கைவிட்டு, கவனத்தை எதிரே இருப்பவர் மேல் வைக்கப் பழக்குவார்கள். பேசுவதைக் காணொளியாக எடுத்துக் காட்டும்போது, தான் நினைத்த அளவுக்கு நடுக்கம் தெரியவில்லை என்று பலர் முதன்முறையாகக் காண்கிறார்கள். வீட்டார் இங்கேதான் தவறுகிறார்கள். பிள்ளைக்காகத் தாங்களே பேசிவிடுவது அன்புதான், ஆனால் அது பயத்துக்கே தீனி. எல்லார் முன்னும் ‘பாடிக் காட்டு’ என்று தள்ளுவதும் அதே அளவு கெடுதல்.

தேவைப்பட்டால் எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் போன்ற மருந்துகள் தரப்படும். பலன் தெரியச் சில வாரம் ஆகும்; பல மாதம் தொடர வேண்டும்; திடீரென நிறுத்தக் கூடாது. மேடைப் படபடப்புக்குத் தரும் புரொப்ரனோலால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்து என்பதால், மெடிக்கலில் தானாக வாங்கிப் போடுவது சரியல்ல.

தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015-16-இல் நடந்த தேசிய மனநல ஆய்வில், பதற்றம், மனச்சோர்வு போன்ற பொதுவான மனநலக் கோளாறு உள்ளவர்களில் 100-க்கு 80-க்கும் மேற்பட்டோர் சிகிச்சை பெறவில்லை என்று தெரிந்தது. மதுரையில் அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. 1992-இல் தொடங்கப்பட்ட எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளையும் இத்துறையில் இயங்கி வருகிறது. நேரில் போய் ஒருவர் முகத்தைப் பார்த்துப் பேசுவதே கடினம் என்பவர்கள், 2022 முதல் இயங்கும் ‘டெலி மானஸ்’ என்ற தொலைபேசி மனநலச் சேவையின் இலவச எண்ணான 14416-இல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.