மூட்டை கட்டுவதற்கு முன்

இடம்பெயர்வதற்கு எமக்கு யாரும் கால அவகாசம் தந்ததில்லை. கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஓடிப் பழகியவர்கள் நாம். ஆனால் சொந்த ஊருக்குத் திரும்பும்போது ஓரளவு நேரம் கிடைக்கிறது. அந்த நேரத்தில் தகரம், சீமெந்து, கிணறு, மலசலகூடம் என்று எல்லாவற்றையும் கணக்கிடுகிறோம். பிள்ளைகளின் மனம் மட்டும் அந்தக் கணக்கில் சேர்வதில்லை.

2017 யூலை 3 ஆம் திகதி மயிலிட்டித் துறைமுகமும் அதனைச் சூழவுள்ள காணிகளுமாக 54 ஏக்கர் விடுவிக்கப்பட்டது. 1990 இல் ஊரைவிட்டு வெளியேறியபோது எனக்கு நான்கு வயது. 27 வருடங்களின் பின் எமது காணியும் திரும்பக் கிடைத்தது. மல்லாகத்தில் நலன்புரி நிலையமொன்றில் அம்மாவும், கணவரை இழந்து தையல் வேலையால் குடும்பத்தை நடத்தும் அக்காவும், அவரது இரு பிள்ளைகளும் இருந்தனர். மகளுக்கு 13 வயது, மகனுக்கு 9 வயது. இருவரும் முகாமிலேயே பிறந்தவர்கள்.

அந்த ஆவணி விடுமுறை முழுவதையும் அவர்களோடு கழித்தேன். பகலில் அக்காவுடன் பத்திரங்களைத் தேடினோம். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், குடும்ப அட்டை எல்லாவற்றுக்கும் பிரதி எடுத்து ஒரே கோப்பில் போட்டோம். மாலையில் வாசிப்பு. ‘டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி’ என்ற ஜப்பானிய நூலின் தமிழ் மொழிபெயர்ப்பை மகள் உரத்து வாசிப்பாள். பழைய புகையிரதப் பெட்டிகளே வகுப்பறைகளாக இருந்த ஒரு பாடசாலையின் உண்மைக் கதை அது. 1945 இல் விமானக் குண்டுவீச்சில் அந்தப் பாடசாலை எரிந்துபோகிறது. அந்த இடம் வந்ததும் மகன், “ஜப்பானிலையும் குண்டு போட்டவையோ சித்தி?” என்று கேட்டான். போர் எமக்கு மட்டும் நேர்ந்ததல்ல என்பதை அவன் அன்றுதான் அறிந்தான்.

சனிக்கிழமைகளில் எனது மடிக்கணினியில் படம். அயல் கொட்டில் பிள்ளைகளும் பாயோடு வந்துவிடுவார்கள். ஒரு சோடிச் சப்பாத்தை அண்ணனும் தங்கையும் மாறி மாறி அணியும் ஈரானியப் படமான ‘சில்ட்ரன் ஒஃப் ஹெவன்’ அவர்களுக்கு நன்றாகப் பிடித்துக்கொண்டது. அடுத்த வாரம் சத்யஜித் ரேயின் ‘பதேர் பாஞ்சாலி’. அதன் முடிவில் அந்தக் குடும்பம் மாட்டுவண்டியில் ஊரைவிட்டுப் போகிறது. அம்மா மெதுவாகச் சொன்னார்: “அந்தச் சனம் சாமானோடை வண்டிலிலை போகுது. நாங்கள் உடுத்த உடுப்போடை வந்தனாங்கள்.” அன்றிரவுதான் அவர் 1990 ஐப் பற்றி முழுமையாகப் பேசினார்.

அதை எழுதிவைக்கும்படி மகளிடம் ஒரு 80 பக்கக் கொப்பியைக் கொடுத்தேன். வலை உலர்த்திய இடம், கிணற்றடி, பக்கத்து வீடுகளில் இருந்தவர்கள் என்று அம்மம்மா சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். தம்பி வரைபடம் கீறினான். பின்னர் காணி பார்க்கப் போனபோது வீடு இருக்கவில்லை, வேலியும் இல்லை, எங்கும் பற்றை. கிணறு மட்டும் இருந்தது. கிணற்றிலிருந்து அடியளந்து, அந்த வரைபடத்தை வைத்துத்தான் எல்லையை மட்டுக்கட்டினோம்.

கொப்பியின் கடைசிப் பக்கத்தில் மகள் தன் பாட்டில் ஒரு வரி எழுதியிருந்தாள். அங்கே போகத் தனக்கு விருப்பமில்லை என்பதே அது. “ஊரை வேண்டாமெண்டு சொல்லுற பிள்ளையும் இருக்கோ?” என்று அம்மா கண்கலங்கினார். அக்கா ஏச வாயெடுத்தார். நான் தடுத்தேன். எமக்கு அது மீள்குடியேற்றம். முகாமில் பிறந்த பிள்ளைக்கு அதுதான் முதலாவது இடம்பெயர்வு. அவளுடைய சிநேகிதிகள், பாடசாலை, கூடி விளையாடிய ஒழுங்கை எல்லாம் மல்லாகத்தில்தானே இருக்கின்றன.

சற்று நேரம் பேசாமலிருந்த அக்கா, “உண்மையைச் சொன்னால் எனக்கும் பயம்தான். அயலட்டை இல்லாத இடத்திலை ராவிலை பிள்ளையளோடை எப்பிடி இருக்கிறது?” என்றார். இரண்டு மாதமாக அவர் அதை யாருக்கும் சொல்லவில்லை. மகள் எழுதிய ஒரு வரி தாயின் வாயையும் திறந்தது.

அதன் பிறகே எம்மால் முடிவெடுக்க முடிந்தது. ஆண்டு முடியும்வரை பிள்ளைகள் அதே பாடசாலையில் படிப்பது. அதுவரை பகலில் மட்டும் போய்க் காணியைத் துப்புரவாக்குவது. அயலில் இரண்டு குடும்பமாவது குடியேறிய பின்பே இரவு தங்குவது. இனந்தெரியாத பொருள் எதையும் தொடாமல் உடனே அறிவிக்க வேண்டும் என்பதைப் பிள்ளைகளே திருப்பிச் சொல்லும்வரை சொல்லிக்கொடுத்தோம்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் ஒரு மாற்றம் வரக் காத்திருக்கலாம். ஊர் திரும்புதல், புதிய பாடசாலை, தாய் வெளிநாட்டு வேலைக்குப் போதல், மகளின் திருமணம் என அது எதுவாகவும் இருக்கலாம். எமக்கு உதவியவை ஒரு புத்தகம், இரண்டு படங்கள், ஒரு கொப்பி ஆகியவைதான். மடிக்கணினி இல்லாவிட்டால் வாசிகசாலைப் புத்தகம் ஒன்றே போதும். முதலில் பிள்ளையிடம் கேளுங்கள். “வேண்டாம்” என்று அது சொன்னால் ஏசாதீர்கள். ஏன் என்று கேளுங்கள். உங்கள் பயத்தையும் அதனிடம் சொல்லுங்கள். மூட்டையைப் பிறகு கட்டலாம்.