வேரழுகலுக்கு மருந்து, விதைப்பதற்கு முன்பு

சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் இருக்கும்போதே, ஈரம் காயாத வயலில், நிற்கும் நெற்பயிருக்குள் உளுந்து தெளிப்பது சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பகுதியின் வழக்கம். தையில் விழுந்த விதை, நெல் விட்டுச்சென்ற ஈரத்தை நம்பிப் பங்குனி வெயில்வரை வளர்கிறது. ஈரம் வற்றி வெயில் ஏறும்போது வேரழுகல் தலைகாட்டுகிறது. செடிகள் மஞ்சளாகித் திட்டுத்திட்டாகக் காய்கின்றன. இழுத்தால் கையோடு வருகின்றன. வேர்ப்பட்டை நார்நாராக உரிய, அதன்மேல் கரித்தூள் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள் தெரிகின்றன.

அவை மேக்ரோஃபோமினா என்ற பூஞ்சாணத்தின் உறங்கு முடிச்சுகள். சுமார் 500 தாவர இனங்களைத் தாக்கும் இந்தப் பூஞ்சாணத்துக்கு 30 முதல் 35 டிகிரி செல்சியஸ் வெப்பமும், தண்ணீரின்றி வாடிய செடியும் தோதானவை. காய்ந்த மண்ணில் இது ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். நீர் தேங்கிய நெல்வயலில் அவ்வளவு காலம் தாங்காது. ஆனால், விதையோடும் வந்து சேர்ந்துவிடும்.

களிமண்ணில் ஒரே வாய்ப்பு

நெல் தரிசு உளுந்துக்கு உழவு இல்லை, அடியுரம் இல்லை, பெரும்பாலும் பாசனமும் இல்லை. மண்ணில் மருந்தைக் கலக்க வழியில்லாததால் விதை நேர்த்திதான் கைகொடுக்கும். ஒரு கிலோ விதைக்கு ட்ரைக்கோடெர்மா விரிடி 4 கிராம் அல்லது சூடோமோனாஸ் 10 கிராம் போதும். ட்ரைக்கோடெர்மாவும் ஒரு பூஞ்சாணமே. வேரைச் சுற்றி முதலில் இடம்பிடித்து, நோய்ப் பூஞ்சாணத்தின் இழைகளைச் சுற்றி வளைத்துத் தின்கிறது. ரசாயன வழியில் போவோர் கிலோவுக்கு 2 கிராம் கார்பன்டசிம் கலக்கலாம். கார்பன்டசிமையும் ட்ரைக்கோடெர்மாவையும் சேர்த்துக் கலந்தால் நன்மை செய்யும் பூஞ்சாணமும் செத்துவிடும்.

செம்மண்ணில் அவகாசம் உண்டு

பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்து மல்லாட்டைக் (நிலக்கடலைக்) கொல்லைகளில் வேரழுகலோடு இன்னும் இரண்டு நோய்கள் சேர்கின்றன. இளஞ்செடியின் கழுத்தில் கறுப்புத் தூள் படிந்தால் கழுத்தழுகல். தண்டின் அடியில் வெள்ளை இழையும் கடுகளவு உருண்டைகளும் தெரிந்தால் தண்டழுகல். அந்த உருண்டைகள் முளைக்கக் காற்று வேண்டும் என்பதால், ஆழ உழுது புதைத்தால் வீரியம் குறையும். சித்திரையில் கொல்லை சும்மா கிடக்கும்போது கோடை உழவு போடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

விதை நேர்த்தியோடு, ஹெக்டேருக்கு 2.5 கிலோ ட்ரைக்கோடெர்மாவை 50 கிலோ மட்கிய தொழு உரத்தில் கலந்து மண்ணில் இடலாம். அது உயிருள்ள மருந்து. உச்சி வெயிலில், காய்ந்த புழுதியில் தூவினால் மடிந்துவிடும். மாலையில் இட்டுத் தண்ணீர் கட்ட வேண்டும். உளுந்தையே உழுது விதைக்கும் இடங்களில் ஹெக்டேருக்கு 150 கிலோ வேப்பம் புண்ணாக்கும் பரிந்துரைக்கப்படுகிறது.

நாற்றங்காலுக்கு வெயில்

1976இல் இஸ்ரேலின் ஜேக்கப் கட்டானும் உடன் பணியாற்றியவர்களும் ஒரு முறையை விளக்கினார்கள். ஈர மண்ணின்மேல் கண்ணாடிபோல் தெரியும் பாலித்தீன் தாளை விரித்து, ஓரங்களை மண்ணால் மூடி, 4 முதல் 6 வாரம் விட்டுவிடுவது. உள்ளே சேரும் வெப்பம் மேல்மண்ணில் உள்ள நோய்க்கிருமிகள் பலவற்றை அழிக்கிறது. இதற்குக் கறுப்புத் தாள் அவ்வளவு உதவாது. வெயில் ஊடுருவிச் செல்ல வேண்டும். ஏக்கர் கணக்கில் விரிக்கக் கட்டுப்படியாகாது. கத்தரி, மிளகாய் நாற்றங்கால்களுக்குச் சித்திரை, வைகாசி வெயில் ஏற்றது.

செடி வாடிய பிறகு அதை மீட்க முடியாது. வேரோடு பிடுங்கி எரித்து, சுற்றியுள்ள செடிகளின் அடியில் லிட்டருக்கு ஒரு கிராம் கார்பன்டசிம் கரைத்து ஊற்றுவது அக்கம்பக்கத்துச் செடிகளைக் காப்பதற்கே. மண்ணிலிருந்து பூஞ்சாணத்தை முற்றாக ஒழிக்கும் மருந்தும் கிடையாது. ஆகவே இந்த நோய்க்கான செலவை விதைப்பதற்கு முன்பே செய்துவிடுவதுதான் விவசாயிக்கு ஆதாயம். விருத்தாசலத்தில் உள்ள வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்திலோ, வட்டார வேளாண் விரிவாக்க மையத்திலோ விசாரிக்க ஏற்ற நேரமும் அதுவே.