கடலடியில் ஒரு மாட்டு மணி

மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

எங்கள் ஊர் கூமாப்பட்டி. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், பிளவக்கல் அணைக்கு அருகே, வயலும் தென்னந்தோப்பும் சூழ அமைந்த ஊர். உப்பைத் தவிரக் கடல் எங்களுக்கு வேறொன்றும் தந்ததில்லை என்று ஊரில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அந்த ஊர்க்காரனான நான், ஆழ்கடல் குழாய்களில் பொருத்தப்படும் ஒலிக்கருவிகளைப் பற்றி எழுத முன்வந்தது நண்பர்களுக்கு வியப்பாக இருக்கலாம். இதற்குக் காரணமானவர்கள் இருவர். ஒருவர் என் தாத்தா. மற்றவர் பெரியப்பா மகனான என் அண்ணன். முதலாமவர் மலையில் மாடு மேய்த்தவர். இரண்டாமவர், கடலடிக் குழாய்ப் பணிக்கான கப்பலில் வேலை பார்ப்பவர்.

தாத்தாவின் மணி

இன்று புலிகள் காப்பகத்தில் அடங்கிவிட்ட எங்கள் மலையில் அன்று மாடுகளை ஓட்டிச் சென்று மேய்ப்பது வழக்கம். மூடுபனி இறங்கிவிட்டால் பத்தடி தூரத்தில் நிற்கும் மாடும் கண்ணுக்குத் தெரியாது. அப்போது காதுதான் கண். ஒவ்வொரு மாட்டின் கழுத்து மணிக்கும் ஓர் ஓசை உண்டு. எந்த மாடு எந்தச் சரிவில் நிற்கிறது என்பதைத் தாத்தா மணியோசையைக் கொண்டே சொல்லிவிடுவாராம்.

ஓர் ஐப்பசி மாதம் சினைப்பசு ஒன்று காணாமற் போயிற்று. மூன்று நாள் தேடினார்கள். நான்காம் நாள் ஓர் ஓடைப் பள்ளத்தில் கால் முறிந்து இறந்து கிடந்தது. அந்தப் பள்ளத்தின் மேற்கரை வழியாக அவர்கள் இருமுறை நடந்து போயிருந்தார்கள்! பசுவின் கழுத்தில் மணி இருந்தது. மணிக்குள் நாக்கு இல்லை. நாக்கைத் தாங்கிய கம்பி தேய்ந்து, எப்போதோ அறுந்து விழுந்திருக்கிறது. அதன்பின் தாத்தா எந்த மணியையும் ஆட்டிப் பார்க்காமல் கட்டியதில்லை. நாங்கள் பொங்கலுக்குக் கன்றுக்குட்டிக்குச் சலங்கை கட்டினால்கூட, “ஆட்டிப் பாத்தியாப்பா?” என்று திண்ணையிலிருந்து குரல் வரும்.

நீருக்குள் ஏன் ஒலி?

கடலடியில் ஒரு பொருளைத் தேட ஒளி உதவாது. சில நூறு மீட்டர் ஆழத்திற்குள் சூரிய ஒளி அற்றுப்போகிறது. வானொலி அலைகளையும் உப்புநீர் வெகுவிரைவில் உறிஞ்சிவிடுகிறது. நெடுந்தூரம் செல்லக்கூடியது ஒலி ஒன்றே. காற்றில் விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும் ஒலி, கடல்நீரில் ஏறத்தாழ 1500 மீட்டர் செல்கிறது.

இந்த வேகத்தை முதன்முதலில் நன்கு அளக்க உதவியதும் ஒரு மணியே என்பது சுவையான செய்தி. 1826ஆம் ஆண்டில் கொலாடன், ஸ்டர்ம் என்னும் இருவர் ஜெனீவா ஏரியில் ஒரு மணியை நீருக்குள் தொங்கவிட்டனர். மணியை அடித்த அதே கணத்தில் படகில் வெடிமருந்து ஒளிர்ந்தது. 13 கிலோமீட்டருக்கும் அப்பால், நீரில் அமிழ்த்திய குழலில் காது வைத்துக் கேட்டு, ஒளிக்கும் ஒலிக்கும் இடைப்பட்ட நேரத்தை அளந்தனர். கிடைத்த விடை விநாடிக்கு 1435 மீட்டர்.

கிணற்றில் குளித்தவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். நீருக்குள் ஒருவன் இரு கற்களைத் தட்டினால் ஓசை தெளிவாகக் கேட்கும். ஆனால் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று சொல்ல முடியாது. நம் இரு காதுகளுக்கும் இடையே சுமார் 20 செ.மீ. இருக்கிறது. ஓசை ஒரு காதை எட்டியபின் மறு காதை எட்டக் காற்றில் பத்தாயிரத்தில் 6 விநாடி ஆகும். அந்த வேறுபாட்டைக் கொண்டுதான் மூளை திசையை அறிகிறது. நீரில் அதுவே பத்தாயிரத்தில் சுமார் ஒன்றரை விநாடியாகக் குறுகிவிடுவதால் மூளை ஏமாறுகிறது. கருவி ஏமாறுவதில்லை. அருகருகே வைத்த பல ஒலிவாங்கிகளை ஒலி வந்தடையும் நுண்ணிய நேர வேறுபாட்டைக் கொண்டு அது திசையைக் கணித்துவிடும்.

குழாயும் ‘பன்றி’யும்

நம் நாட்டில் 1974இல் பம்பாய்க்கு மேற்கே கடலடியில் எண்ணெய் கண்டறியப்பட்டது. 1978 முதல் அவ்வெண்ணெய் கடலடிக் குழாய் வழியாக உரான் கரைக்கு வருகிறது. கீழைக் கடலில் காக்கிநாடாவிற்கு அப்பால், கிருஷ்ணா கோதாவரிப் படுகையின் ஆழ்கடலிலிருந்து 2009 முதல் எரிவாயு கரையேறுகிறது.

எண்ணெயில் உள்ள மெழுகு குழாயின் உட்சுவரில் படியும். அதைச் சுரண்டி எடுக்க, குழாயின் விட்டத்திற்குப் பொருந்தும் ஓர் உருளையை உள்ளே செலுத்துவார்கள். பின்னால் வரும் எண்ணெயின் அழுத்தமே அதைத் தள்ளிச் செல்லும். இதற்குத் தொழிலாளர் இட்ட பெயர் ‘பிக்’, அதாவது பன்றி! போகும்போது அது எழுப்பும் கிறீச்சொலியால் அப்பெயர் வந்தது என்பர். பன்றி வழியில் சிக்கிக்கொண்டால் குழாயே அடைபடும். பல கிலோமீட்டர் குழாயில் எந்த இடத்தை அறுப்பது? அதனால்தான் பன்றியின் வாலிலும் ஒரு மணி கட்டுகிறார்கள். குழாயில் திரவம் நிரம்பியிருந்தால் மணியோசை எஃகுச் சுவரைத் தாண்டி வெளியே கேட்கும். வாயு நிரம்பியிருந்தால் ஒலி சுவரைக் கடப்பது அரிது. அங்கே மிகக் குறைந்த அதிர்வெண் கொண்ட மின்காந்த அலைபரப்பியை நாடுகின்றனர்.

கப்பலில் இந்த மணியைப் ‘பீக்கன்’ என்பார்கள். இது இருவகைப்படும். ஒன்று, தானே விட்டுவிட்டு ஒலித்துக்கொண்டிருப்பது. மற்றது, கப்பல் கூப்பிட்டால் மட்டும் பதில் சொல்வது. கூப்பிட்டு 1.2 விநாடியில் பதில் வந்தால் ஒலி போய்வந்த தூரம் 1800 மீட்டர். எனவே பொருள் 900 மீட்டர் தொலைவில் உள்ளது. கடலடியில் இறக்கும் வால்வுத் தொகுதிகள், குழாய் முனைகள், கப்பலிலிருந்து இயக்கும் ஆளில்லா ஊர்திகள் ஆகியவற்றில் இவ்வகையைப் பொருத்துகின்றனர்.

சோதனை

மணியின் நாக்கு ஒரு பீங்கான் துண்டு. மின்னழுத்தம் கொடுத்தால் அதிரும் பொருள் இது. 1880இல் கியூரி சகோதரர்கள் கண்ட விளைவின் மறுதலையே இங்குப் பயன்படுகிறது. இந்த நாக்கு பழுதின்றி அதிர்கிறதா என்பதை ஆய்வுக்கூடத்தில் அளப்பார்கள். சென்னை பள்ளிக்கரணையில் 1993இல் தொடங்கப்பட்ட தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தில் இதற்கென 16 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் 7 மீட்டர் ஆழமும் உள்ள தொட்டி இருக்கிறது.

அவ்வளவு பெரிய தொட்டி எதற்கு? எதிரொலிக்காகத்தான். மணியையும் ஒலிவாங்கியையும் நடு ஆழத்தில், ஒன்றுக்கொன்று ஒரு மீட்டர் தள்ளி வைப்பதாகக் கொள்வோம். நேர் ஒலி ஒரு மீட்டர் கடந்தால் போதும். நீர்ப்பரப்பிலோ தரையிலோ பட்டுத் திரும்பும் ஒலி ஏறத்தாழ 7 மீட்டர் கடக்க வேண்டும். இந்த 6 மீட்டர் வேறுபாடு ஆயிரத்தில் 4 விநாடி அவகாசம் தருகிறது. எதிரொலி வந்து குழப்புவதற்குள் அளந்து முடிக்க வேண்டும். நம் ஆய்வுக்கூடத்து வாளியில் இது நடக்காது!

கப்பல் தளத்தில் நடக்கும் சோதனை எளியது, ஆனால் முக்கியமானது. அதை அண்ணன் சொன்ன வரிசையிலேயே தருகிறேன். மின்கலத்தின் தேதியைப் பார்த்து, மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். மூடியைத் திறந்தால் ரப்பர் வளையத்தைத் துடைத்து, மசகு தடவி, விரலால் வருடிப் பார்க்க வேண்டும். ஒரு தலைமயிர் அதில் ஒட்டியிருந்தாலும் போதும். 1000 மீட்டர் ஆழத்தில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 100 கிலோ அழுத்தம் அந்த இடுக்கைத் தேடி உள்ளே புகும். நீர் பட்டதும் இயங்கும் வகையானால் அதன் தொடுமுனையில் பெயின்ட்டோ அழுக்கோ படிந்திருக்கக் கூடாது. கடைசியாக, உப்புநீர் வாளியில் அமிழ்த்தி, நம் செவிக்கெட்டாத அதன் ஒலியைக் கேட்கத்தக்க ஓசையாக மாற்றும் கருவியைக் கொண்டு காதால் கேட்க வேண்டும்.

பொருத்துதல்

பொருத்துவதிலும் முறை உண்டு. மணியின் முகம் கப்பலை நோக்கி மேலே திறந்திருக்க வேண்டும். எஃகுச் சட்டம் மறைத்தால் ஒலிக்கும் நிழல் விழும். பிடிப்புப் பட்டைக்கும் மணிக்கும் இடையே ரப்பர் வைக்க வேண்டும். இல்லையேல் ஆட்டமும் துருவும் வரும். பிடி நழுவினாலும் மணி தொலையாதிருக்கத் தனியாக ஒரு கயிறு கட்ட வேண்டும். மணி இருக்கும் இடத்திற்கும் கருவியின் மையத்திற்கும் உள்ள தூரத்தை நாடாவால் அளந்து எழுத வேண்டும். இதை மறந்தால் கருவி இரண்டு மீட்டர் தள்ளிப் போய் அமரும். கடைசியில் மணியின் எண்ணைப் பதிவேட்டில் குறித்து, இன்னொருவரைக் கொண்டு படிக்கச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். கருவி நீரில் இறங்கியதும், சிறிது ஆழத்தில் நிறுத்தி ஒருமுறை கூப்பிட்டுப் பதில் வந்தபின்பே மேலும் இறக்க வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அண்ணன் ஒருநாள் இதில் தவறினார். முந்தைய முறைக்காரர் ‘மின்கலம் புதியது’ என்று எழுதியிருந்ததை நம்பி, தாம் அளக்காமலே கையெழுத்திட்டார். தொடக்கத்தில் பதில் சொன்ன மணி, 900 மீட்டர் ஆழத்தில் ஊமையாகிவிட்டது. கருவியை மீண்டும் மேலே தூக்க வேண்டியதாயிற்று; கப்பலின் அரை நாள் வீண். அது முன்பே வேறொரு பணியில் பயன்பட்ட மின்கலம்! மேலாளர் திட்டவில்லையாம். பதிவேட்டை நீட்டி, “நடந்ததை உங்க கையாலேயே எழுதுங்க தம்பி” என்றாராம். “திட்டியிருந்தா மறந்திருப்பேன்டா” என்பார் அண்ணன்.

உயிர்களின் மணி

அரை நாள் வீணானது பெரிதல்ல. இதே மணி விமானங்களின் பதிவுக்கருவிகளிலும் இருக்கிறது. நீரில் விழுந்ததும் 37.5 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஏறத்தாழ விநாடிக்கு ஒருமுறை ஒலிக்கும். அங்கே பிழைக்கு விலை வேறு.

2015 ஜூன் 8 இரவு, நம் கடலோரக் காவற்படையின் டோர்னியர் விமானம் மூவருடன் தமிழகக் கடற்கரைக்கு அப்பால் மறைந்தது. தேடிய கப்பல்களுக்கு அந்த மணியோசை விட்டுவிட்டுக் கேட்டது. நீர்மூழ்கிக் கப்பல் சிந்துத்வஜும், மேற்சொன்ன சென்னை நிறுவனத்தின் சாகர் நிதி கப்பலும் தேடலில் ஈடுபட்டன. ஒரு மாதம் கழிந்து, ஜூலை இரண்டாம் வாரத்தில், ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த ஆழத்திலிருந்து பதிவுக்கருவி மீட்கப்பட்டது. மீட்டது எந்தக் கப்பல் தெரியுமா? கடலடி எண்ணெய், எரிவாயுப் பணிகளுக்காக ரிலையன்ஸ் நிறுவனம் அமர்த்தியிருந்த ‘ஒலிம்பிக் கேன்யன்’. குழாய்களிடையே உலவிய அதன் ஆளில்லா ஊர்தியே மூன்று குடும்பங்களின் காத்திருப்புக்கு முடிவு தந்தது.

இதற்கு மாறான செய்தியும் உண்டு. 2014 மார்ச் 8 அன்று 239 பேருடன் மறைந்த மலேசிய விமானத்தின் பறப்புப் பதிவுக்கருவியில் இருந்த மணியின் மின்கலம், 2012 டிசம்பரிலேயே காலாவதியாகியிருந்தது என்று 2015இல் வெளியான விசாரணை அறிக்கை கூறியது. விமானம் அகப்படாததற்கு அது ஒன்றே காரணம் என்று சொல்ல இயலாது. குரல் பதிவுக்கருவிக்குத் தனி மணி இருந்தது. தேட வேண்டிய கடலோ மிகப் பெரிது. ஆயினும் தேதி கடந்த மின்கலம் ஒன்று ஓராண்டுக்கு மேலாக ஒருவர் கண்ணிலும் படாமல் பறந்துகொண்டிருந்தது என்பதை எண்ணும்போது எனக்குத் தாத்தாவின் பசுதான் நினைவுக்கு வருகிறது. அக்காலத்தில் 30 நாள் ஒலிப்பதே இம்மணிகளுக்கு விதி. 2009இல் அட்லாண்டிக்கில் விழுந்த ஏர் பிரான்ஸ் விமானத்தின் பதிவுகள் 2011இல்தான் கிடைத்தன. அதன் பின்னரே 90 நாள் ஒலிக்கும் மணிகள் விதியாயின.

நண்பர்களே! ஆய்வுக்கூடத்தில் முந்தைய அணியினர் குறித்த அளவை நம் பதிவேட்டில் அப்படியே எழுதிக்கொள்ளும் வழக்கம் நம்மில் சிலருக்கு உண்டு. எனக்கும் இருந்தது, ஆசிரியப் பெருமக்கள் பொறுத்தருள்க. மலைச்சரிவிலும் கடலடியிலும் மணி கட்டுபவன் தனக்காகக் கட்டுவதில்லை. பின்னால் தேடி வரப்போகும் யாரோ ஒருவருக்காகக் கட்டுகிறான். அவர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும் வேளையில் மணி ஒலிக்க வேண்டும். சென்ற விடுமுறையில் அண்ணன் ஊருக்கு வந்தபோது, தாத்தாவின் பழைய மணி ஒன்றைத் தம்மோடு கப்பலுக்கு எடுத்துச் சென்றார். பையில் வைக்கும் முன் ஒருமுறை ஆட்டிப் பார்த்தார்.