கருநிற மலம்: அலட்சியம் ஆகாது

தறிக்குழியில் அமர்ந்து நெய்வோருக்கும், வயலில் குனிந்து உழைப்போருக்கும் இடுப்புவலி புதிதன்று. அதற்குக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கும் வழக்கத்தை நாம் சங்கங்கள்தோறும் காண்கிறோம். வலி மாத்திரைகளுள் பல, இரைப்பையை அடுத்த சிறுகுடலின் முற்பகுதியில் புண் உண்டாக்க வல்லவை என்பதை அங்கத்தினர்கள் அறிதல் வேண்டும்.

மற்றொரு காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமி. காரமும் கவலையுமே குடற்புண்ணுக்குக் காரணம் என நெடுங்காலம் எண்ணப்பட்டது. 1982-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மார்ஷல், வாரன் என்னும் மருத்துவர்கள் இக்கிருமியை வளர்த்துக் காட்டினர். 2005-இல் நோபல் பரிசு பெற்றனர்.

புண்ணில் இரத்தம் கசிந்தால் மலம் தார்போல் கறுத்துப் பிசுபிசுக்கும்; தலைசுற்றலும் களைப்பும் தோன்றும். வலி இல்லாமலும் இருக்கலாம். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்குமாயினும், அதனை மருத்துவரே முடிவு செய்யட்டும். அன்றே மருத்துவமனைக்குச் செல்லுதல் நன்று.

அங்கு முதலில் இரத்த இழப்பை ஈடுசெய்வர். பின்னர் வாய்வழியே எண்டோஸ்கோப் குழாயைச் செலுத்திப் புண்ணைக் கண்டு, ஊசி மருந்து, கவ்வி, சூடு ஆகியவற்றால் கசிவை அடைப்பர்; அமிலத்தைக் குறைக்கும் மருந்தும் தருவர். கிருமி இருப்பின், அதனை அழிக்கும் மருந்துகளைப் பெரும்பாலும் 14 நாட்கள் உட்கொள்ள வேண்டும். பாதியில் நிறுத்தினால் கிருமி எஞ்சும், புண்ணும் மீளும்.

அறுவை சிகிச்சை இன்று அரிதாகவே தேவைப்படுகிறது. தாமதமே உயிருக்கு உலை வைப்பது.