விட்னி ஹூஸ்டன்: ஒரு கோரஸ் பாடகியின் மகள்

விட்னி ஹூஸ்டனின் முதல் ஆல்பம் 1985 பிப்ரவரி 14 அன்று வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 21. அதே ஆண்டு அக்டோபரிலிருந்து 1988 ஏப்ரல் வரை அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் அவருடைய ஏழு பாடல்கள் அடுத்தடுத்து முதலிடம் பிடித்தன. அதுவரை பீட்டில்ஸும் பீ ஜீஸும் தொடர்ந்து ஆறு பாடல்கள் என்ற அளவில் வைத்திருந்த சாதனையை அந்த இளம்பெண் தாண்டினார். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது திடீர்ப் புகழ். குடும்பத்தைத் தெரிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அந்தக் குரல் உருவாக ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆகியிருந்தது.

தாய்வழிக் குடும்பத்தின் பெயர் டிரிங்கார்ட். ஜார்ஜியா மாநிலத்திலிருந்து பிழைப்புத் தேடி வடக்கே வந்து, நியூ ஜெர்சியின் நியூவார்க் நகரில் குடியேறிய கறுப்பினக் குடும்பம். வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்து தேவாலயங்களில் கோஸ்பல் பாடினார்கள். கோஸ்பல் என்பது கறுப்பினக் கிறிஸ்தவர்களின் பக்தி இசை. கைதட்டலும் ஆரவாரமுமாகச் சபையே சேர்ந்து பாடும் முறை அது. அமெரிக்க ஜனரஞ்சக இசையில் இன்று கேட்கும் பிருகாக்களில் பெரும்பகுதி அங்கிருந்து வந்ததுதான். டிரிங்கார்ட் சிங்கர்ஸ் என்ற பெயரில் அவர்கள் 1957-ல் நியூபோர்ட் ஜாஸ் விழாவில் பாடினார்கள். பெரிய இசை நிறுவனம் ஒன்று அவர்களின் ஆல்பத்தையும் வெளியிட்டது.

அந்தப் பிள்ளைகளில் கடைக்குட்டி சிஸ்ஸி, விட்னியின் அம்மா. சிஸ்ஸியின் அக்கா லீயின் மகள்தான் டியான் வார்விக். 1960-களில் பர்ட் பக்கராக்கின் மெட்டுகளைப் பாடி உலகப் புகழ் பெற்ற அவர், விட்னிக்குப் பெரியம்மா மகள். ஏறக்குறைய 23 வயது மூத்தவர். விட்னி விவரம் அறியும் வயதில் வீட்டுக்கு வந்துபோகும் அக்கா ஒரு நட்சத்திரம்.

சிஸ்ஸியின் தொழிலைத் தமிழில் சொல்லும்போது ஒரு குழப்பம் வரும். நமக்குப் பின்னணிப் பாடகி என்றால் திரையில் நடிப்பவருக்குக் குரல் கொடுப்பவர். அவரைத்தான் உலகம் கொண்டாடும். சிஸ்ஸி செய்தது நம் ஸ்டுடியோக்களில் கோரஸ் என்று சொல்லும் வேலை. முன்னால் நிற்கும் பாடகரின் குரலைத் தாங்கி, சுருதியோடு இழைந்து, சரியான இடத்தில் ஏறி இறங்க வேண்டும். இசைத்தட்டின் உறையில் பெயர் வந்தால் அதிர்ஷ்டம். சிஸ்ஸி தலைமை தாங்கிய ஸ்வீட் இன்ஸ்பிரேஷன்ஸ் என்ற பெண்கள் குழு, அரீத்தா பிராங்க்ளின் முதல் எல்விஸ் பிரெஸ்லி வரை பலருக்கும் அந்த வேலையைச் செய்தது. 1968-ல் அரீத்தா பாடிய ‘எய்ன்ட் நோ வே’ பாட்டில், அவருடைய குரலுக்கும் மேலே, ஓபராப் பாடகியைப் போல் ஒரு குரல் உச்சஸ்தாயியில் மிதந்து போகும். வார்த்தை இல்லை, வெறும் நாதம். அது சிஸ்ஸியின் குரல். பாட்டை நேசிக்கும் பலருக்கும் அந்தப் பெயர் தெரியாது.

தனியாகப் பாடவும் அவர் முயன்றார். ‘மிட்நைட் டிரெய்ன் டு ஜார்ஜியா’ பாட்டை அந்தத் தலைப்பில் முதலில் பதிவு செய்தவர் அவர். மூலத்தில் ஹூஸ்டனுக்குப் போகும் விமானமாக இருந்தது, அவருடைய பதிவுக்காகத்தான் ஜார்ஜியாவுக்குப் போகும் ரயிலாக மாறியது. ஆனால் 1973-ல் அதை முதலிடத்துக்குக் கொண்டுபோனவர் கிளாடிஸ் நைட். சிஸ்ஸிக்கு அந்த வெற்றி கிடைக்காமல் போனது திறமைக் குறைவால் அல்ல. பாட்டைத் தேர்ந்தெடுத்து, பணம் போட்டு, வானொலிக்குக் கொண்டுசேர்க்கும் ஆள்பலம் அவருக்கு இல்லை. மகளுக்கு அது கிடைத்தது.

விட்னி 1963 ஆகஸ்ட் 9 அன்று நியூவார்க்கில் பிறந்தார். 1967 ஜூலையில் அந்நகரில் வெடித்த இனக் கலவரத்தில் 26 பேர் உயிரிழந்தனர். அதன் பிறகு குடும்பம் அருகிலுள்ள ஈஸ்ட் ஆரஞ்சுக்குக் குடிபெயர்ந்தது. நியூவார்க்கின் நியூ ஹோப் பாப்டிஸ்ட் ஆலயத்தோடு உள்ள தொடர்பு மட்டும் அறுபடவில்லை. அங்கே பாடகர் குழுவை நடத்தியவர் சிஸ்ஸி. விட்னி அந்தக் குழுவில் பாடியே வளர்ந்தார். 11 வயதில் அந்தச் சபையின் முன் முதல் முறையாகத் தனித்துப் பாடினார்.

சிஸ்ஸி கண்டிப்பான ஆசிரியை. மகள் என்பதற்காகச் சலுகை கிடையாது. சொல் தெளிவாக விழ வேண்டும், மெட்டை முதலில் உள்ளபடி பாடிக் காட்டிவிட்டுத்தான் சங்கதி போட வேண்டும் என்பது கட்டுப்பாடு. கேட்பவர் முதலில் பாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும், பாடுபவரின் சாமர்த்தியம் பிறகு. விட்னியின் நல்ல பதிவுகள் எல்லாவற்றிலும் இந்த ஒழுங்கைக் கேட்கலாம். முதல் சரணம் அலங்காரமே இல்லாமல் போகும். அலங்காரமெல்லாம் கடைசிச் சுற்றுக்குத்தான். அவரைப் பார்த்துப் பாட வந்த பலர் அந்தக் கடைசிச் சுற்றை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

பதின்ம வயதில் அவர் அம்மாவோடு நியூயார்க் இரவு விடுதிகளில் மேடை ஏறினார். அம்மா பாடும்போது கோரஸ்; நடுவில் ஒன்றிரண்டு பாட்டுகள் தனியாக. 1978-ல் மைக்கேல் ஜாகர் பேண்டின் ஆல்பத்தில் அவர் குரல் பதிவானது. பகலில் பெண்களுக்கான கத்தோலிக்கப் பள்ளி, விடுமுறையில் மாடலிங். 1981 நவம்பரில் ‘செவன்டீன்’ பத்திரிகையின் அட்டைப்படத்தில் இடம்பெற்றார். அந்தப் பத்திரிகையின் அட்டையில் கறுப்பினப் பெண்கள் அபூர்வமாகவே வந்த காலம் அது. ஒப்பந்தம் செய்ய இசை நிறுவனங்கள் முன்பே முன்வந்தன. படிப்பை முடிக்கட்டும் என்று சிஸ்ஸி தடுத்துவிட்டார்.

1983-ல் அரிஸ்டா நிறுவனத்தின் தலைவர் கிளைவ் டேவிஸ் ஸ்வீட்வாட்டர்ஸ் விடுதிக்கு வந்து அவர் பாடுவதைக் கேட்டார். அன்று விட்னி பாடியவற்றில் ஒன்று ‘தி கிரேட்டஸ்ட் லவ் ஆஃப் ஆல்’. 1977-ல் முகமது அலி பற்றிய படத்துக்காக ஜார்ஜ் பென்சன் பாடிய பாட்டு. அந்த ஏப்ரலில் ஒப்பந்தம் கையெழுத்தானது. டேவிஸ் நிறுவனத்தை விட்டுப் போனால் விட்னியும் போகலாம் என்று அதில் ஒரு விதி சேர்க்கப்பட்டது. ஜூனில் மெர்வ் கிரிஃபின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் டேவிஸே அவரை அறிமுகப்படுத்தினார்.

அதன் பிறகு ஆல்பம் வர ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆயின. ஏற்ற பாட்டுகளும் தயாரிப்பாளர்களும் கிடைக்கும்வரை டேவிஸ் காத்திருந்தார். அந்தப் பொறுமைதான் சிஸ்ஸிக்கு யாரும் தராதது. வெளிவந்த ஆல்பமும் மெதுவாகவே ஏறியது. ஓராண்டுக்கும் மேலான பிறகு, 1986 மார்ச்சில் முதலிடம் அடைந்து 14 வாரங்கள் அங்கே இருந்தது. உலகெங்கும் 2 கோடிக்கு மேல் விற்றது. ‘சேவிங் ஆல் மை லவ் ஃபார் யூ’ பாட்டுக்கு 1986-ல் அவருக்கு முதல் கிராமி விருது கிடைத்தது. மேடையில் விருதைக் கொடுத்தவர் டியான் வார்விக். உறையைப் பிரித்துத் தங்கையின் பெயரைப் படித்த அக்காவின் துள்ளலைப் பதிவில் இன்றும் பார்க்கலாம்.

‘ஹவ் வில் ஐ நோ’ பாட்டின் கோரஸில் சிஸ்ஸியின் குரல் இருக்கிறது. ‘கிரேட்டஸ்ட் லவ்’ பாட்டின் வீடியோவில் தாயாக வருபவரும் அவரே. 1987-ல் வந்த இரண்டாவது ஆல்பம் வெளியானவுடனே முதலிடத்தில் நுழைந்தது. பெண் பாடகி ஒருவரின் ஆல்பத்துக்கு அது முதல் முறை. அதன் கடைசிப் பாட்டில் தாயும் மகளும் இணைந்து பாடினார்கள்.

மனக்கசப்பும் வந்தது. வெள்ளையர் வானொலிக்கு ஏற்றபடி மெருகேற்றப்பட்டவர், கறுப்பின இசையை விட்டு விலகியவர் என்று விமர்சகர்கள் எழுதினார்கள். 1989-ல் சோல் டிரெய்ன் விருது விழாவில் அவர் பெயரை அறிவித்தபோது அரங்கிலிருந்து எதிர்ப்புக் கூச்சல் எழுந்தது. கோஸ்பல் மேடையிலேயே வளர்ந்தவருக்கு இது அநியாயமான தீர்ப்பு. ஆல்பங்களின் பளபளப்பைக் கேட்டவர்கள் குரலின் ஊரைக் கேட்கவில்லை.

அதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்டியவை இரண்டு பதிவுகள். 1991 ஜனவரி 27, வளைகுடாப் போர் நடந்துகொண்டிருந்தபோது, டாம்பா நகரில் சூப்பர் பவுல் என்னும் அமெரிக்கக் கால்பந்து இறுதியாட்டத்தில் தேசிய கீதம் பாடினார். அந்தக் கீதம் மூன்று எண்ணிக்கையில் நடப்பது. நம் கணக்கில் திஸ்ரம். விட்னிக்காக அதை நான்கு எண்ணிக்கைக்கு, சதுஸ்ரத்துக்கு மாற்றினார்கள். அடிக்கு அடி கிடைத்த கூடுதல் இடத்தில் மூச்சு வாங்கவும் சொல்லை நீட்டவும் முடிந்தது. ஆலயத்தில் பாடும் முறை கீதத்துக்குள் வந்துவிட்டது. அரங்கத்தில் ஒலித்தது முன்கூட்டியே பதிவு செய்த குரல்தான் என்பது பிறகு தெரிந்தது. அதனால் அந்தப் பாட்டின் மதிப்பு குறையவில்லை.

இரண்டாவது, 1992-ல் வந்த ‘தி பாடிகார்ட்’ படத்தின் ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’. டாலி பார்ட்டன் 1974-ல் வெளியிட்ட நாட்டுப்புறப் பாணிப் பாட்டு. தொடக்கத்தில் வாத்தியமே இல்லை. அரை நிமிடத்துக்கும் மேலாகக் குரல் தனியாக நடக்கிறது. பிறகு மெல்ல வாத்தியங்கள் சேர்கின்றன. இறுதிச் சுற்றுக்கு முன் எல்லாம் நிற்கிறது. ஒரே ஒரு டிரம் அடி, சுருதி ஏறுகிறது, அதுவரை அடக்கி வைத்த குரல் முழுதாகத் திறக்கிறது. 14 வாரங்கள் அது முதலிடத்தில் இருந்தது. படத்தின் ஆல்பம் 4 கோடிக்கு மேல் விற்றது.

1996-ல் ‘தி பிரீச்சர்ஸ் வைஃப்’ படத்தில் பாதிரியாரின் மனைவியாக நடித்துக் கோஸ்பல் பாடினார். சிஸ்ஸியும் அதில் நடித்தார். பிந்தைய ஆண்டுகளில் போதைப் பழக்கம் குரலையும் உடலையும் சிதைத்தது. 2012 பிப்ரவரி 11 அன்று, கிராமி விழாவுக்கு முதல் நாள், 48 வயதில் விட்னி காலமானார். இறுதி வழிபாடு நியூ ஹோப் பாப்டிஸ்ட் ஆலயத்தில் நடந்தது. தன் பெயரில் இரண்டு கோஸ்பல் ஆல்பங்களுக்குக் கிராமி விருது பெற்ற சிஸ்ஸி, மகளுக்குப் பின் 12 ஆண்டுகள் வாழ்ந்து, 2024 அக்டோபர் 7 அன்று 91-வது வயதில் மறைந்தார்.