இன்னிக்கும் அதே சாம்பாரா?

"இன்னிக்கு என்ன சமையல்?" என்று கேட்டபடியே பாத்திரத்தைத் திறக்கும் கணவர், "ஓ... சாம்பாரா!" என்று மூடிவிட்டுப் போவார். பிள்ளைகளின் டிபன் பாக்ஸ் பாதி அப்படியே திரும்பி வரும். 'யாருக்காக இப்படி மாங்கு மாங்குன்னு சமைக்கணும்?' என்று இல்லத்தரசிக்கே சலிப்புத் தட்டிவிடும்.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. காலை ஆறு மணிக்கு அடுப்பு முன்னால் நிற்பவருக்கு யோசிக்க ஏது நேரம்? கை பழகிய நாலு குழம்பு, மூணு பொரியல்... அதையே சுற்றிச் சுற்றி வருகிறது சமையல்!

இந்த அலுப்பு நாக்கோடு நின்றால் பரவாயில்லை. உடம்பையும் பாதிக்கிறதே! ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, ஒருவருக்கு ஒரு நாளைக்குக் காய்கறி, கீரை 400 கிராம், பழம் 100 கிராம் வேண்டும் என்கிறது. சாம்பாரில் மிதக்கும் இரண்டு முருங்கைக்காய்த் துண்டுகள் இந்தக் கணக்குக்குக் கிட்டேகூட வராது. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மீந்ததைச் சாப்பிடும் அம்மாவும் இதில் ஒருவராக இருக்கலாம்.

சரி, எங்கே ஆரம்பிப்பது?

* வாரத்துக்கு ஒரே ஒரு புது அயிட்டம் போதும். கூடவே எல்லோருக்கும் பிடித்த ஒன்றும் இருக்கட்டும். புதுசு சொதப்பினாலும் யாரும் பட்டினி இல்லை!

* மார்க்கெட்டில் நீங்கள் தாண்டிப் போகும் காயை ஒருமுறை வாங்குங்கள். நூக்கல், கோவைக்காய், வாழைத்தண்டு என்று எத்தனை இருக்கின்றன!

* பழைய காய்க்குப் புது வேஷம் போடுங்கள். பீர்க்கங்காயைக் கூட்டு செய்தால், தோலை வதக்கித் துவையல் அரைக்கலாம்.

* மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951-ல் வந்த புத்தகம். வீட்டில் இருந்தால் தூசு தட்டி எடுங்கள். மாமியாரிடமும் கேளுங்கள். மறந்துபோன பதார்த்தம் ஒன்றாவது கிடைக்கும்.

* குழந்தை முதல் தடவை 'வேண்டாம்' என்றால் திட்டாதீர்கள். சில நாள் கழித்துக் கொஞ்சமாக மறுபடி வையுங்கள்.

இந்த வாரத்துக்கு: கேழ்வரகு கீரை அடை

கேழ்வரகு மாவு 2 கப், ஆய்ந்த முருங்கைக்கீரை 1 கப், பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் 10, பச்சை மிளகாய் 2, உப்பு. எல்லாவற்றையும் கலந்து, வெந்நீர் தெளித்துப் பிசையுங்கள். வாழையிலையில் எண்ணெய் தடவித் தட்டி, தோசைக்கல்லில் மிதமான தீயில் இரு பக்கமும் வேகவிடுங்கள். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. அடையோடு காபி, டீ குடிக்காதீர்கள். அவை இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தடுக்கும். எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்துக்கொண்டால் நல்லது.

ரத்தசோகை இருப்பவர்கள் அடையை மட்டும் நம்பாமல் டாக்டரைப் பாருங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கீரை விஷயத்தில் டாக்டர் சொல்படியே நடக்க வேண்டும்.

அடுத்த வாரம் என்ன என்பதை வீட்டில் ஆளுக்கொரு வாரமாகத் தேர்ந்தெடுக்கட்டும். தேர்ந்தெடுப்பவரே வெங்காயமும் உரிக்கணும் என்று சொல்லிவிடுங்கள்!