ஏடும் ஆடுகளமும்

திருவனந்தபுரத்தில் குடியேறி வாழும் நம் தமிழன்பர்கள், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்குங்கால் முதற்கண் வினவுவது தேர்ச்சி விழுக்காட்டையே. ஆடுகளம் உண்டா என வினவுவோர் சிலரே. பிள்ளை பத்தாம் வகுப்பை எட்டியதும் பந்தைப் பறித்துப் பரணில் ஏற்றிவிடுகிறோம். இது முறையாகுமா?

நகரின் வடபால் ஸ்ரீகாரியத்திலுள்ள லயோலா பள்ளியைக் காண்போம். 1961-ஆம் ஆண்டில் ஏசு சபைத் துறவியர் நிறுவிய பள்ளி இது. அச்சபை தமிழர்க்குப் புதியதன்று. 1578-இல் கொல்லத்தில் தமிழெழுத்தில் அச்சேறிய ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் நூலை மொழிபெயர்த்த அண்டிரிக் அடிகளார் அச்சபையினரே. 1599-இல் சபை வெளியிட்ட கல்வி நெறிமுறை, மாணாக்கர்க்கு வாரந்தோறும் ஓய்வு வேண்டும் என விதித்தது. உழைப்பு தளராதிருக்க ஓய்வும் வேண்டும் என்பதே அதன் கருத்து.

பிறர்க்கென வாழும் மாந்தரை உருவாக்குவதே தம் கல்வியின் நோக்கம் என, 1973-இல் அச்சபையின் தலைவர் பேத்ரோ அருப்பே உரைத்தார். இந்நோக்கம் ஏட்டினால் மட்டும் நிறைவேறுமா? தேர்வு மண்டபத்தில் ஒவ்வொருவரும் தமக்காகவே எழுதுகின்றனர். ஆடுகளத்திலோ, தன் காலடியில் வந்த பந்தைத் தோழனுக்கு ஈந்தாலன்றி வெற்றியில்லை. தோற்றபோதும் எதிரணியின் கைபற்றி வாழ்த்தும் பண்பு அங்கன்றோ பயிலப்படுகிறது!

அயலூரில் பலமொழி பேசுவோரிடையே வாழவேண்டிய நம் பிள்ளைகட்கு இப்பயிற்சி இன்றியமையாதது. ஏடு அறிவைத் தரும்; ஆடுகளம் உறவைத் தரும். பெற்றோரே, தேர்வுக்காலத்திலும் மாலையில் ஒரு மணி நேரம் பரணிலுள்ள பந்தை இறக்கிக் கொடுப்போமாக!